நான் அளந்த டீசல்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. பத்து வயதுக்குள் நான் சொன்ன பொய்கள் எத்தனையோ உண்டு. பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றுவலி, பலாச்சுளை குறைந்ததற்கு அணில், சிலேட்டு உடைந்ததற்குப் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி. ஒன்றில்கூட நான் பிடிபட்டதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு பேர் நடுவில் நின்று தொண்டை கிழிய உண்மையைச் சொன்னேன். அதற்குத்தான் எனக்குப் பொய்க்காரி என்று பெயர் வந்தது.

போன மாதம் கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து ஆண்களெல்லாம் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா அந்தக் கதையை மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்கு அண்ணன் அவர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய் எழுத மறந்தாலும் மறப்பாரே தவிர, இந்தக் கதையை மறக்கமாட்டார். கடைசி வளைவில் எங்கள் வண்டி நின்றது, மெக்கானிக்கே கைவிட்டது, முனீஸ்வரனுக்கு அவர் தேங்காய் உடைத்ததும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. கதையின் முடிவில் வழக்கம்போல என்னைக் கைநீட்டிக் காட்டினார்.

"இதோ நிக்குதே, இந்தக் குட்டி, அன்னைக்கு இன்னா சொல்லிச்சு தெரியுமா? தேங்கா இல்லயாம், வேற இன்னாவோவாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேலூரில் ஒரு அலுவலகத்தில் இருபது பேருக்கு மேலதிகாரி. கையில் பாயசக் குவளையை வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காக என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஜவ்வாது மலையில், போளூரிலிருந்து ஏறி வரும் பாதையின் தலைமாட்டில் இருக்கிறது. அப்பா ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கியிருந்தார். சனிக்கிழமை தோறும் மலையிலிருந்து சாமை, புளி, பலா என்று அந்தந்தப் பருவத்தில் விளைவதை ஏற்றிக்கொண்டு போளூர் இறங்குவார். திரும்பும்போது அரிசி, சிமெண்ட், ஆட்கள், கோழிகள் எல்லாம் ஏறி வரும். எங்கள் வீட்டு அடுப்பு அந்த வண்டியால்தான் எரிந்தது. வண்டியில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று காட்டும் முள் மட்டும் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. அதனால் அப்பா மூங்கிலைச் சீவி ஒரு குச்சி செய்து, அதில் கத்தியால் மூன்று கோடு போட்டு வைத்திருந்தார். டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்தால் எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் கணக்கு. மேல்கோடு என்றால் போளூருக்கு இரண்டு முறை போய் வரலாம். நடுக்கோடு ஒரு முறைக்கு. கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டால் வண்டியைத் தொடக்கூடாது.

மாசி மாதம் புளி உலுக்க ஏறிய அப்பா, கிளை முறிந்து விழுந்தார். காலில் இரண்டு இடத்தில் முறிவு. வீட்டுக்குள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். அதற்கு முந்தின வருடமே அப்பா விளையாட்டாக, அறுத்துப்போட்ட சாமைக் கொல்லையில் அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். விளையாட்டு முற்றிப்போய் அம்மா லைசென்ஸும் வாங்கியிருந்தாள். அப்பா விழுந்து மூன்றாவது வாரம், சேலைக்கு மேல் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா வண்டியை எடுத்தாள். முதல் சனிக்கிழமை பின்னால் ஏற ஆள் இல்லை. இரண்டாவது சனிக்கிழமை நாலு பேர் ஏறினார்கள். சித்திரைக்குள் இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள்.

டீசல் அளப்பது என் வேலை. வண்டிக்குப் பக்கவாட்டில் குனிந்து, மூடியைத் திருகித் திறந்து, குச்சியை விட்டு எடுத்து, "நடுக்கோடும்மா" என்று கத்துவேன். அம்மா இறங்கி வந்து என் கையிலிருந்து குச்சியை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நடுக்கோடு" என்பாள். அதைத்தானே நான் சொன்னேன்! ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று வரும். நான் சொன்னால் அது தகவல், அவள் பார்த்துச் சொன்னால்தான் அது டீசல் போலிருக்கிறது.

பெரியப்பாவுக்கு அம்மா வண்டி ஓட்டுவது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவை மலையிலிருந்து தூளி கட்டித் தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர்தான். ஆனால் குடும்பத்துக்கு மூத்தவர், ஊர்க் கூட்டத்தில் முதல் பேச்சுப் பேசுகிறவர். தம்பி பெண்டாட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தால் அவர் பார்வையைப் பக்கத்துப் புளியமரத்தின் மேல் வைத்துக்கொண்டு போவார். பெரியம்மாவின் தம்பி ஒருவர் ஒடுகத்தூரில் இருந்தார். பல வண்டிகள் ஓட்டி எதிலும் நிலைக்காத மனிதர். 'நம்ம மச்சான் சும்மாதான இருக்கான், அவன் ஓட்டட்டுமே' என்று பெரியப்பா அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாரம் ஒருமுறை சொல்லிவிட்டுப் போவார். மச்சான் ஓட்டினால் வருவதில் பாதி ஒடுகத்தூருக்கு இறங்கிவிடும், அம்மா மறுபடி ஊரார் கொல்லைகளில் களை எடுக்கப் போக வேண்டியதுதான். அப்பா எதுவும் சொல்லமாட்டார். கட்டிலில் கிடக்கிறவர் அண்ணனை எதிர்த்து என்ன பேசுவார்?

அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பெரியப்பாவே வந்து வண்டிக்குப் பூஜை போட்டார். பெண் கை பட்ட வண்டி, கொஞ்சம் பலமாகவே செய்ய வேண்டும் என்றார். ஐப்பசி மழையில் பொட்டு கரைந்து ஓடிவிடக் கூடாதென்று சந்தனத்தில் வேப்பம்பிசினைக் கரைத்துக் குழைத்துக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடி, விளக்கு, சக்கரம், ஸ்டியரிங், நம்பர் பலகை என்று ஓர் இடம் விடவில்லை. கடைசியில் டேங்க் மூடிக்கு வந்தார். "இதான் வண்டிக்கு வாயி. இதுக்குத்தான் நெறைய வெக்கணும், ஆகாரம் கொறையக்கூடாது" என்று சொல்லி, மூன்று விரலால் வழித்து அப்பி, நடுவில் கட்டை விரலால் குங்குமம் வைத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மிகவும் அழகாக இருந்தது என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, போளூரிலிருந்து திரும்பும்போது, மலை ஏறத் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் வண்டி மிஸ் அடித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று விக்கியது. பிறகு இழுவை குறைந்தது. அம்மா கியரைக் குறைத்தாள். வண்டி நாலு முறை குலுங்கி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. காலையில்தான் நானும் அம்மாவும் அளந்திருந்தோம், நடுக்கோட்டுக்கு மேலே டீசல் இருந்தது. அதனால் மூடியைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் பைக்கில் வந்த பெரியப்பா வண்டியில் இருந்தவர்களிடம் ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கி நாலாக அறுத்துக் குங்குமம் தடவி நாலு பக்கமும் எறிந்தார். எல்லோரும் உட்கார்ந்து கதை பேசி, வெற்றிலை போட்டு, அரை மணி நேரம் கழித்து அம்மா மறுபடி சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பிவிட்டது. பெரியப்பா எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குப் பொறுமை இல்லை.

போளூர் மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஃபில்டரை மாற்றினார், குழாயில் புகுந்த காற்றை எடுத்தார், இன்ஜினை ஒரு மணி நேரம் ஓடவிட்டார். ஒரு விக்கல் இல்லை. விளக்கம் கேட்ட அம்மாவை விட்டுவிட்டு, கூட வந்திருந்த பெரியப்பாவைப் பார்த்து அவர் பதில் சொன்னார்.

"வண்டி கல்லு மாதிரி இருக்குங்க. ஓட்றதுலதான் கோளாறு. லேடீஸ் ஓட்னா ஹாஃப் கிளட்ச்லயே வுட்டுனு ஏறுவாங்க, வண்டி இன்னா பண்ணும்?"

வண்டி எத்தனை மாதமாக அதே கையில், அதே காலில், அதே மலையை ஏறிக்கொண்டிருந்தது என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை. சித்திரையில் வராத கோளாறு ஐப்பசியில் எப்படி அம்மாவின் காலுக்கு வந்தது? பத்து வயதுப் பெண்ணுக்குத் தோன்றிய கேள்வி, மீசை வைத்த இரண்டு ஆண்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை நான் பாதையைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊரே சொன்னால் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும். அம்மா அதைக் கவனித்தாள். புடவையை முழங்கால்வரை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் நன்றாகப் பார்க்கும்படி ஓட்டினாள். கிளட்சிலிருந்து காலை முழுசாக எடுத்தே வைத்திருந்தாள். வண்டி மிஸ் அடித்தது. நின்றது.

அப்படி இரண்டாவது முறை. மூன்றாவது வாரம் எங்களோடு வந்த ஒருவர், டீசல் கொஞ்சமாக இருந்தால் இப்படி ஆகும், வழியவழிய நிரப்பிப் பாருங்கள் என்றார். அம்மா நிரப்பினாள். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே நின்றுவிட்டது. இந்த மூன்று வாரத்தில் ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. போளூர் பங்கில் டீசல் போட மூடியைத் திறக்கும்போது, அது முன்னைப்போல லேசாகத் திருகவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முறுக்க வேண்டியிருந்தது. திறந்ததும் 'உஸ்' என்று ஒரு சத்தம், டேங்க் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிற மாதிரி. இதை மெக்கானிக்கிடம் சொன்னேன். "அப்டியா பாப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். பெரியப்பாவிடம் சொன்னேன். "டேங்குல பாம்பு பூந்துகினு இருக்கும், கைய வுட்டுப் பாரு" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு மூட்டையைத் தள்ளிக்கொண்டே "உம்" என்றாள். கேட்டாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது, இனி இந்த வண்டி எங்கே நின்றால் எனக்கென்ன என்று நானும் இருந்துவிட்டேன்.

மூன்றாவது முறை நின்றபோது பெரியப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். இன்னொரு முறை நின்றால் சாவி மச்சானிடம் போகும். அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாலாவது சனிக்கிழமை, பட்டப்பகல். பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறினோம். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், அரிசி மூட்டைகள், ஒரு கட்டு இரும்புக் கம்பி. மச்சான் ஒடுகத்தூரிலிருந்து போளூருக்கே வந்து, பெரியப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். வண்டி நிற்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. புதுச் சட்டை வேறு போட்டிருந்தார். அந்தச் சட்டையின் மடிப்பு கலையாத முதுகை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

கடைசி வளைவுக்குக் கீழே, முனீஸ்வரன் கல் இருக்கும் திருப்பத்தில், இன்ஜின் விக்கியது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியருக்கு வந்தாள். வண்டி குலுங்கி நின்றது. இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாள். சாவியைத் திருப்பினாள். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாம் முறை செல்ஃப் முனகியது, பேட்டரியும் களைத்துவிட்டது. பைக் இன்னும் இரண்டு வளைவுக்குக் கீழே இருந்தது, அதன் சத்தம் மட்டும் மேலே வந்தது. அம்மா ஸ்டியரிங்கில் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மூடிய தொறந்தா ஒரு சத்தம் கேக்குதுன்னியே. இன்னா மாதிரி கேட்டுது?"

நான் உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்து 'உஸ்' என்று காட்டினேன்.

"உள்ள இழுக்குதா, வெளிய வுடுதா?"

"உள்ள இழுக்குது."

"மொதல்ல இப்டி இல்லியே. எப்பலேர்ந்து?"

யோசித்துப் பார்த்தேன். "பூஜைக்கு அப்புறம்" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் முகம் மட்டும் மாறியது. கதவைத் திறந்து டேங்க் பக்கம் போக ஒரு காலைக் கீழே வைத்தாள். அதற்குள் பைக் வந்துவிட்டது. அவள் அந்தக் காலை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டாள்.

"இன்னா, நின்னுட்ச்சா?" பெரியப்பாவின் குரலில் வருத்தத்தைவிடத் திருப்தி அதிகமாக இருந்தது. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாலு வாட்டி ஆய்ட்ச்சி. மெக்கானிக்கு பாத்தான், ஃபில்டர மாத்தியாச்சு, டீசல ரொப்பியாச்சு. இதுக்கு மேல இன்னா இருக்குது? பொம்பள கை இந்த வண்டிக்கு ஆவல. சாவியக் குடும்மா."

மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன், அல்லது சண்டை போடுவாள். அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, மிகவும் பணிவாகப் பேசினாள். "தரேன் மாமா. சாமி எதிர்ல நிக்கிறோம். நீங்க உங்க கையால ஒரு தேங்கா ஒடச்சி வேண்டிக்கினு வாங்க. எல்லாரும் போங்க. அப்பவும் கௌம்பலன்னா சாவி உங்களோடது."

தேங்காய் உடைப்பதென்றால் பெரியப்பா மறுப்பாரா? சந்தையில் வாங்கிய தேங்காய் ஒன்றை யாரோ கொடுத்தார்கள். முனீஸ்வரன் கல் முப்பது அடி மேலே, புதருக்கு அந்தப் பக்கம். பெரியப்பா முன்னால் போக, மச்சான் அடுத்துப் போக, அத்தனை பேரும் பின்னால் போனார்கள். நான் மட்டும் போகவில்லை. எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் அவ்வளவு வெறுப்பாக இருந்தது.

அவர்கள் புதரைத் தாண்டியதும் அம்மா டேங்க் பக்கம் குனிந்தாள். மூடியை முறுக்கினாள். இத்தனை வாரமாக நான் சொன்ன சத்தம், அன்றைக்கு நீளமாக, 'உஸ்ஸ்ஸ்' என்று வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். மூடியைத் திருப்பி அதன் உள்பக்கத்தைப் பார்த்தாள். அதன் நடுவில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. டீசல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே போவதற்கான வழி அது. அந்த வழியைப் பெரியப்பாவின் சந்தனம் பிசினோடு சேர்ந்து இறுகி அடைத்துவிட்டிருந்தது. காற்றுப் போக வழியில்லாமல் டேங்குக்குள் இழுப்பு ஏறி, இன்ஜினுக்கு டீசல் வராமல் நின்றிருக்கிறது. அரை மணி நேரம் ஓய்ந்தால் எங்கேயாவது இண்டு இடுக்கில் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும். மெக்கானிக் மூடியைத் திறந்துவைத்து ஓட்டியதால் அங்கே கோளாறே தெரியவில்லை. வழியவழிய நிரப்பியபோது உள்ளே காற்றே இல்லாததால் சீக்கிரம் நின்றது. இதெல்லாம் பின்னாளில் நான் யோசித்துக் கோத்துக்கொண்டது. அம்மாவுக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

அவள் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, நிமிர்த்தி, ஓட்டையில் குத்தித் திருகினாள். மஞ்சள் தூளாக உதிர்ந்தது. ஊதினாள், கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தாள், மறுபடி குத்தினாள். வெளிப்பக்கம் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அவள் தொடவில்லை. அது அப்படியே பெரிய பொட்டாக இருந்தது, நடுவில் ஊசி நுழைகிற இடம் மட்டும் திறந்திருந்தது, தெரிந்து தேடினால் மட்டும் தெரியும். மூடியைப் போட்டு, பானட்டுக்குள் டீசலை இழுத்துவிடும் கைப்பம்பை நாலு அழுத்து அழுத்தி, ஊக்கை வளையலில் மாட்டிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். மேலே தேங்காய் உடையும் சத்தம் கேட்டது.

பெரியப்பா திருநீறு பூசிக்கொண்டு இறங்கி வந்தார். தேங்காய்த் தண்ணீரைப் பானட்டின் மேல் தெளித்து, "இப்ப அடி" என்றார். அம்மா சாவியைத் திருப்பினாள். செல்ஃப் முனகியது. இரண்டாவது முறையும் முனகல்தான். மூன்றாவது முறை இன்ஜின் பிடித்தது, ஒருமுறை விக்கி, புகையைத் தள்ளி, ஒரே சீராக ஓடத் தொடங்கியது.

கூட்டம் கைதட்டியது. பெரியப்பா இரண்டு கையையும் தூக்கி முனீஸ்வரன் பக்கம் கும்பிட்டார். அம்மா இறங்கி வந்து, "உங்க கைராசி மாமா" என்றாள்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நாலு வாரமாக என் அம்மாவின் கையையும் காலையும் குறை சொன்னவர்கள், அவர்கள் அப்பிய சந்தனம் அடைத்துக்கொண்டதற்கு அவளைக் குற்றவாளி ஆக்கியவர்கள், இப்போது பெருமையையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் பானட்டைக் கையால் அறைந்து கத்தினேன். "தேங்கா இல்ல! டேங்க் மூடி ஓட்டைல பெரியப்பா வெச்ச சந்தனம் அடச்சிகினு இருந்துது! அம்மா ஊக்கால குத்தி எடுத்தாங்க! நான் பாத்தேன்!"

பெரியப்பாவின் முகம் கறுத்தது. மச்சான் குனிந்து டேங்க் மூடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொட்டு அப்டியே கீது, மாமா."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வளையலில் தொங்கிய ஊக்கின் நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும், அதைக் கழற்றிக் காட்டினால் போதும். அம்மா என் கிட்டே வந்து என் தோளைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பொய் சொல்லாதடி. சாமி விசயத்துல இன்னா வெளயாட்டு? எப்பப் பாரு பொய்யி!"

கூடவே தோளில் ஒரு கிள்ளு. கிள்ளல் வலித்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. பெரியப்பாவின் முகம் தெளிந்து, அவர் பெரிய மனதோடு "வுடும்மா, சின்னப் புள்ள" என்று எனக்காகப் பரிந்து பேசியது ஞாபகம் இருக்கிறது. என்னை மன்னித்துவிட்டாராம்!

அதற்குப் பிறகு அம்மா பேசியதை நான் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. "மாமா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. தேங்காய ஒடச்சது நீங்க. சாவிய திருப்புனது நான். பொம்பள கை ஆவாதுன்னு சாமி நெனச்சிருந்தா, என் கைக்கு ஏன் கௌப்பி வுட்டாரு?"

கூட்டத்தில் ஒருவர் "அதானே" என்றார். இன்னொருவர், வேறு யார் ஓட்டியிருந்தாலும் சாமி விட்டிருக்குமோ என்னமோ என்றார். பெரியப்பா முனீஸ்வரன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். தன் தேங்காயையே தான் எப்படிப் பொய்யென்று சொல்வார்?

"சாமியே உத்தரவு குடுத்துட்டாரு. இனிமே இந்த வண்டியப் பத்தி எவனும் பேசக்கூடாது" என்றார். மச்சான் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வீடு வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, "உங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அப்பாவும் அந்தக் கட்சிதான் என்று முடிவு செய்தேன். அந்த மலையில் உண்மை பேசுகிற ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். சோற்றுத் தட்டைத் தரையில் வைத்தால்தான் எடுத்துக்கொள்வேன், கையில் கொடுத்தால் வாங்கமாட்டேன். பள்ளியில் எல்லோரும் என்னைப் பொய்க்காரி என்றார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவின் குரலில்தான் எனக்குக் கேட்டது.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்குப் பெரியப்பா பிசின் கலந்த சந்தனத்தோடு மறுபடி வந்தார். டேங்க் மூடிக்கு வரும்போது அம்மா தட்டை வாங்கி, "இத நான் வெக்கறேன் மாமா, ஓட்றவ கை" என்று சொல்லி, ஓட்டையை விட்டு ஓரமாக ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். பெரியப்பா மனம் குளிர்ந்து போனார். அதைப் பார்த்தும்கூட எனக்குப் புரியவில்லை. மலைப்பாதையில் அத்தனை பேர் முன்னால், ஊரின் மூத்தவர் தன் கையாலேயே வண்டியைக் கெடுத்தார் என்று நிரூபணமாகியிருந்தால், அந்த அவமானத்தோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கமாட்டார், சாவியோடுதான் போயிருப்பார். இது புரிய எனக்கு அலுவலகமும் அதிகாரிகளும் கூட்டங்களும் தேவைப்பட்டன. புரிந்தது என்பதற்காகக் கோபம் போய்விடவில்லை. ஒரு பெண் தன் சொந்த வண்டியின் சாவியைத் தன் கையில் வைத்துக்கொள்ள, ஒரு தேங்காயையும் ஒரு குழந்தையின் பெயரையும் உடைக்க வேண்டியிருந்தது. அது நியாயமென்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஆனால் நான் அன்றைக்குக் கவனிக்காத வேறொன்று இருக்கிறது. கல்யாணத்தில் பெரியப்பா கதை சொல்லி முடித்ததும் தூரத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்தாள், நான் பார்த்ததும் தலை குனிந்துகொண்டாள். அப்போதுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த சனிக்கிழமை காலையில், பேசாவிட்டாலும் வேலை வேலைதானே என்று, டேங்கைத் திறந்து குச்சியை விட்டு எடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், யாருக்கோ சொல்வதுபோல "மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழ" என்றேன். வாங்கிப் பார்க்கட்டும் என்று குச்சியை நீட்டினேன். அம்மா கையை நீட்டவில்லை. இறங்கி வரவும் இல்லை. "சரி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும். என் மேல் இருக்கும் கோபத்தில் குச்சியைக்கூடத் தொடமாட்டேன் என்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் உம்மென்று இருந்தேன். நான் படிக்கக் கீழே இறங்கும் வரை ஏழு வருடம், ஏற்றமும் இறக்கமும் வளைவுமாக இருந்த அந்த மலையில் என் அம்மா ஓட்டியதெல்லாம் நான் சொன்ன கோட்டை நம்பித்தான். அந்தக் குச்சியை அவள் பிறகு ஒருநாளும் வாங்கிப் பார்க்கவில்லை.